ஏழாம் துளையின் கல்

அந்தக் குழவிக்கு வயிறு இல்லை.

அம்மிக் குழவி என்பது நடுவே சற்றுப் பருத்து, இரு முனைகளிலும் கைக்கு அடங்கும்படி மெலிந்திருக்க வேண்டும். சந்திரிகாவின் கைகளுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்ததோ, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே பருமன் கொண்ட உருளை. இயந்திரம் கடைந்து கொடுத்தது போன்ற ஒழுங்கு அதற்கு இருந்தது. மிளகாய் விழுதின் இடையே, அதன் முதுகில் நீளவாக்கில் ஓடிய ஒரு சிவப்புக் கோடு தெரிந்து தெரிந்து மறைந்தது.

விசாலம் அதைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்தெடுக்கும் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுனில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் அவர். மனதில் முதலில் எழும் கேள்வியைக் கடைசியில் கேட்பது அவர் வழக்கம். உதவியாளன் ஹைதரின் வழக்கம் வேறு. கேட்கக் கூடாததை முதலிலேயே கேட்டுவிடுவான்.

"அக்கா, மொளகாய்க்கும் உங்களுக்கும் சண்டையா? நீங்க இந்தப் பக்கம் தள்ளுனா அது அந்தப் பக்கம் வழுக்கிட்டு ஓடுது."

"கையில வலு இல்ல தம்பி. அவரப் புடிச்சிட்டுப் போனதிலேருந்து சோறு எறங்கல."

"எங்க அத்தா கடையில ஒரு பிளெண்டர் சும்மாதான் கெடக்கு. சொன்னா தூக்கிட்டு வந்துருவேன்லா."

கடற்பாலத்துக்கு இக்கரையில், பிறைத் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்த அடுக்குமாடி வீடு அது. சந்திரிகா தொழிற்சாலை ஆட்களுக்கு மதியச் சோறு கட்டி விற்பவள். கூடத்தின் சுவரில் மாலையிட்ட ஒரு படம் தொங்கியது: மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு முதியவர், அடியில் ராமசாமி என்ற பெயர்.

அவளுடைய கணவன் குணாளன் கொலைச் சந்தேகத்தில் தடுப்புக்காவலில் இருந்தான். கொல்லப்பட்டவர் ராம்நாத், நிலவியலாளர். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டமொன்றின் அடியில் வெள்ளீயம் இருக்கிறதா என்று துளையிட்டுத் தேடிய ஒரு சிறு நிறுவனத்தில் பணியாற்றியவர். துளைகளிலிருந்து எடுத்த பாறைத் தண்டுகளைப் பிறையில் ஒரு கிடங்கில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கிடங்கின் காவல் பொறுப்பு குணாளனுடையது. ஒரு மதியம், சரிந்த அடுக்கொன்றின் கீழே ராம்நாத் கிடந்தார். அடுக்கு சரிவதற்கு முன்பே அவருடைய மண்டை உடைந்திருந்ததாக மருத்துவர் சொன்னார். அருகே, கையெல்லாம் இரத்தமாக, குணாளன் நின்றிருந்தான். அன்றிலிருந்து அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்களாம்கா," என்றாள் சந்திரிகா. "கொலைக் கேசு போட்டுட்டா அப்புறம் வெளிய வரவே முடியாதுன்னு லாயர் சொன்னாரு. உண்ம வெளிய வரணும். எனக்கு அது ஒண்ணு போதும்."

"அந்தக் கம்பெனியப் பத்தி உங்க வீட்டுக்காரர் ஏதாவது சொல்லுவாரா?" என்றார் விசாலம்.

"மொதலாளி குமரப்பன் செட்டியாரு நல்லவரில்லன்னு சொல்லுவாரு. வேற என்ன தெரியும் எங்களுக்கு?"

இப்போது விசாலம் தம் முதல் கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் குழவி ஏது?"

சந்திரிகாவின் கை நின்றது. "அவரு கொண்டாந்ததுதான். போன தீபாவளிக்கு. பழசு ரெண்டா ஒடஞ்சிருச்சு. இந்த மாதிரிக் கல்லு ஸ்டோர்ல குப்ப மாதிரிக் கெடக்குமாம். தப்பாக்கா?"

விசாலம் குழவியை மெல்லப் புரட்டினார். சிவப்புக் கோட்டின் அருகே வெள்ளை வண்ணத்தில் இரண்டு எண்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன: 7, 41.

"இத எடுத்துக்கிட்டுப் போகலாமா?"

"தாராளமா." சந்திரிகா அதை விழுதோடு அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஹைதரிடம் நீட்டினாள்.

"கழுவித் தரக் கூடாதாக்கா? காடி பூரா சம்பால் வாசன அடிக்கும்," என்று ஹைதர் முணுமுணுத்தான்.

---

கிடங்கில் அவர்களை எதிர்கொண்டவள் லைலா. ராம்நாத்தின் கீழ் பணியாற்றிய இளம் நிலவியலாளர். தோட்டத்தில் துளையிடும் இயந்திரத்தோடு இருந்தவள். ராம்நாத் இறந்த பிறகே கிடங்கின் பொறுப்பு அவளுக்கு வந்தது.

நீளமான மரப் பெட்டிகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் உருளைக் கற்கள், சவப்பெட்டிக்குள் கிடத்தியது போன்ற ஒழுங்கில், வரிசையாகக் கிடந்தன.

"இத்தன கல்லையும் யாரு சாப்பிடப் போறா?" என்றான் ஹைதர்.

லைலா சிரிக்கவில்லை. "உள்ளுக்குள்ள வெறுமையா இருக்கிற குழாயால பூமியில துளை போடுவோம். குழாய்க்குள்ள ஏறிவர்ற பாறைதான் இது. நாங்க கோர்னு சொல்லுவோம். ஒவ்வொரு துண்டுலயும் சிவப்புக் கோடு போட்டு, எந்தத் துளை, எத்தன மீட்டர் ஆழம்னு எழுதணும். ஈயம் இருக்கிற மாதிரித் தெரிஞ்சா நீளவாக்குல ரெண்டா அறுத்து, ஒரு பாதிய லேபுக்கு அனுப்புவோம். மத்த பாதி பெட்டியிலயே இருக்கும்."

விசாலம் பையைத் திறந்து குழவியை மேசைமேல் வைத்தார். லைலா முகம் சுளித்தாள்.

"இதென்ன, கறியா?"

"கல்தான். இந்தக் கல் என்ன சொல்லுதுன்னு தெரியணும்."

"காஞ்ச கல்லு ஒண்ணும் சொல்லாது. நனைக்கணும்."

அவள் அதைத் தொட்டியில் கிடத்தி, குழாயைத் திறந்து, முரட்டுத் தூரிகையால் நன்றாகத் தேய்த்தாள். சிவந்த நீர் தொட்டியின் வாயில் சுழன்று இறங்கியது. ஹைதர் கொடுத்த துணியால் துடைத்து, மீண்டும் நீர் தெளித்து, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கருங்கல். உப்பும் மிளகும் தூவுன மாதிரி. வேற ஒண்ணுமே இல்ல. ஏழாம் துளை, நாப்பத்தொண்ணு மீட்டர்." அவள் நிறுத்தினாள். "அப்படி இருக்க முடியாதே."

அவள் ஏணியில் ஏறி ஒரு பெட்டியை இறக்கினாள். ஏழாம் துளை என்ற பலகை அதில் அறையப்பட்டிருந்தது. நாற்பத்தொன்று என்று குறித்த இடம் காலியாக இல்லை. நீளவாக்கில் அறுத்த பாதித் தண்டு ஒன்று அங்கே கிடந்தது. வெள்ளை நரம்பு ஒன்று குறுக்கே ஓட, அதையொட்டிக் கறுப்பு மணிகள் கொத்துக் கொத்தாக மின்னின.

"அந்தக் கறுப்புதான் ஈயக்கல்," என்றாள் லைலா, தாழ்ந்த குரலில்.

"ஒரே துளை, ஒரே ஆழம், ரெண்டு கல்," என்றார் விசாலம். "பூமி ஒரு இடத்துல ஒரு கல்லத்தான் வைக்கும். இதுல ஒண்ணு பொய்."

ஹைதர் இதற்குள் இன்னொரு பெட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தான். அவனிடம் எதையும் தொடாதே என்று சொல்வதை விசாலம் நெடுநாள் முன்பே நிறுத்திவிட்டார்.

"பாஸ், இங்க பாருங்க. இதுக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

பதினோராம் துளையின் பெட்டியிலிருந்து எடுத்த பாதித் தண்டை, ஏழாம் துளையின் பாதித் தண்டோடு அவன் சேர்த்துப் பிடித்திருந்தான். அறுபட்ட முகங்கள் ஒன்றோடொன்று பொருந்தின. ஒன்றில் நின்ற வெள்ளை நரம்பு மற்றதில் தொடர்ந்தது. இரண்டாக வெட்டுண்ட ஒரு கறுப்பு மணி மறுபடியும் ஒன்றாயிற்று.

"ஏழுக்கும் பதினொண்ணுக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் விசாலம்.

"தோட்டத்தோட இந்தக் கோடியும் அந்தக் கோடியும். நடுவுல ஆறு ஓடுது." லைலா பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். "இந்தக் கருங்கல் எல்லாம் ஒரு காலத்துல ஆழத்துல உருகிக் கெடந்ததுக்கா. அது ஆறும்போது கடைசியா மிஞ்சுற சூட்டுத்தண்ணிதான் ஈயத்தச் சுமந்துக்கிட்டு வெடிப்புக்குள்ள ஏறும். எல்லா வெடிப்புலயும் ஏறாது. நூத்துல தொண்ணூத்தொம்பது வெறும் வெடிப்பு. எங்கயோ ஒரே ஒரு நல்ல நரம்பு கெடச்சிருக்கு. அத அறுத்து, தோட்டம் பூராவும் இருக்கிற மாதிரிப் பங்கு போட்டிருக்காங்க."

"ஒரு கோழிய வச்சு ஊருக்கே பிரியாணி," என்றான் ஹைதர்.

"ஏழாம் துளை போட்ட இடம் எது?"

"தோட்டத் தொழிலாளிங்களோட லயத்து வீடுங்க இருந்த எடம். ஒரு பெரியவரோட வாசல்ல போட்டோம். இங்க ஈயம் இருக்குன்னு சொல்லித்தான் அப்புறம் வீடுங்கள இடிச்சாங்க. அவரு எந்திரிக்க மாட்டேன்னாரு. நாற்காலியோட தூக்கிட்டுப் போயி ரோட்டோரமா வச்சாங்க. வீடு விழுறத அங்க உக்காந்தே பாத்தாரு. கொஞ்ச நாள்ல செத்துட்டாராம்."

விசாலம் பெட்டியின் பூட்டைப் பார்த்தார். "பெட்டிகளோட சாவி?"

"ஒண்ணு ராம்நாத் சார்கிட்ட இருந்தது, இப்ப எங்கிட்ட. இன்னொண்ணு குமரப்பன் சார்கிட்ட."

காடியை ஓட்டத் தொடங்கியதும் ஹைதர் வழக்கை முடித்துவிட்டான். "மொதலாளி கல்ல மாத்துனாரு. ராம்நாத் கண்டுபுடிச்சாரு. மொதலாளி மண்டையப் பொளந்தாரு. குணாளன் பயந்து வாய மூடிக்கிட்டான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம் பாஸ்."

"பாலத்துக்குப் போ, செட்டியாரப் பாக்கணும்," என்றார் விசாலம்.

---

ஜார்ஜ் டவுனின் லெபோ பந்தாய்த் தெருவில் இருந்த குமரப்பனின் அலுவலகத்தில் குளிர்சாதனம் மிகையாகவும் நாற்காலிகள் குறைவாகவும் இருந்தன. வருகிறவர் நீண்ட நேரம் தங்குவதைக் குமரப்பன் விரும்பவில்லை என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. எழுபதை நெருங்கிய, நெற்றி நிறையத் திருநீறணிந்த மனிதர். விசாலமும் அவரும் ஒரே நகரத்தார் கோயிலைச் சேர்ந்தவர்கள். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் ஒருவரையொருவர் பார்த்து வணங்கி, பேசாமல் விலகுகிறவர்கள்.

"வாங்க ஆச்சி. யாரு போன விஷயமா வந்திருக்கீங்க?"

"ராம்நாத்."

"பாவம்." அந்தச் சொல்லை அவர் ரசீது எழுதுவது போலச் சொன்னார்.

ஹைதர் தன் கைப்பேசியை நீட்டினான். திரையில், ஒன்றாகச் சேர்ந்த இரண்டு பாதிகள். குமரப்பன் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார், மறுக்கவில்லை.

"அழகாப் படம் புடிச்சிருக்கீங்க தம்பி. சரி ஆச்சி, கல்ல மாத்துனது ராம்நாத். மாத்தச் சொன்னது நான். இந்த ரூம்ல சொல்றேன். வெளிய யாராவது கேட்டா, நீங்க வந்ததே ஞாபகமில்லம்பேன்."

"எதுக்குண்ணே?"

"எதுக்கா? இந்த நாட்டு ஈயத்த நம்ம பாட்டன்மாரு காலத்துலயே வழிச்சு எடுத்தாச்சு. மிச்சம் இருக்கிறது நகக்கண்ணுல ஒட்டுற அளவு. பூமி இனிமே புதுசா செஞ்சு குடுக்கப் போறதில்ல. ஆனா வாங்குறவன் மட்டும் புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கான். அவனுக்கு ஏதாவது காட்டணும்ல?"

"லயத்து வீடுகள இடிச்சதும் காட்டுறதுக்குத்தானா?"

"எடத்தக் காலி பண்ணாம சுரங்கம் வருதுன்னா யாரு நம்புவா?"

ஹைதர் அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுவரிலிருந்த நாட்காட்டியைப் படித்தான்.

"ராம்நாத் இத வெளிய சொல்லப்போறேன்னு மிரட்டுனாரா?" என்றார் விசாலம்.

குமரப்பன் முதல்முறையாகச் சிரித்தார். "ராம்நாத்தா? அடுத்த மாசம் வாங்குறவங்க முன்னாடி நின்னு பேச வேண்டியவனே அவன்தான். அவன் வாய நம்பித்தான் எல்லாமே நின்னுச்சு. அவன் செத்ததுல அவன் பொஞ்சாதிக்கு அடுத்தபடி நஷ்டப்பட்டவன் நான். அன்னிக்கு மத்தியானம் பூரா நான் பாங்க் மீட்டிங்குல இருந்தேன். எட்டுப் பேரு சாட்சி. என்னைச் சந்தேகப்படுறது உங்க தொழிலுக்கே அழகில்ல ஆச்சி."

விசாலம் பையிலிருந்து குழவியை எடுத்து, அவர் மேசைமேல் வைத்தார்.

குமரப்பனின் சிரிப்பு நின்றது. "இத ஏன் நீங்க... மாத்தி எடுத்த கல்லையெல்லாம் நொறுக்கி ரோட்டுக்குப் போட்டாச்சு. இந்த ஒண்ண மட்டும் அவன் குடுக்கல. மேசையில காகிதம் பறக்காம வச்சிருந்தான். ஒடச்சுத் தொலடான்னு நூறு தடவ சொன்னேன். 'நெஜக் கல்லு ஒண்ணாவது இருக்கட்டும் சார்'னான். திமிரு. அவன் செத்த அன்னிக்குக் காலையில வீடியோவுல பேசும்போதுகூட அவன் மூஞ்சிக்கு முன்னால நின்னுச்சே இந்தச் சனியன்! எங்க கெடச்சுது?"

விசாலம் கல்லைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பையை முடிச்சிட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

---

"பாஸ், போன தீபாவளிக்கே அது வீட்டுக்கு வந்துருச்சுன்னு அந்தக்கா சொன்னாங்களே," என்றான் ஹைதர், பாலத்தின் மேல்.

"சொன்னா. நானும் கேட்டுக்கிட்டேன்."

"செட்டியார் பொய் சொல்றாரா?"

"அவர் சொல்ல நினைச்ச பொய்யெல்லாம் வேற. இது வாய் தவறி வந்த நிஜம்." விசாலம் மடியில் கிடந்த பையைப் பார்த்தபடி பேசினார். "புதுக் குழவிய வச்சு அப்படியே அரைக்க முடியாது ஹைதர். உளி வச்சுக் கொத்தணும். கொத்திச் சொரசொரப்பாக்கினாத்தான் மிளகாய் பிடிக்கும். சோறு கட்டி விக்கிற பொம்பளைக்கு இது தெரியாம இருக்குமா? மொளகா வழுக்கிட்டு ஓடுதுன்னு நீதான் சொன்ன. நான் சிவப்புக் கோட்டையும் அந்த நம்பரையும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப அவங்க ஏன் கொத்தல?"

"கொத்தியிருந்தா எண் போயிருக்கும். இத்தன மாசம் மிளகாய் அரைச்ச கல்லுல வெள்ளை பெயிண்ட் எழுத்து அப்படி நிக்காது. அந்த எழுத்து நம்ம கண்ணுல படணும். பட்டாத்தான் நாம ஸ்டோருக்குப் போவோம், பெட்டியத் திறப்போம், குமரப்பனப் பிடிப்போம். நாம வர்ற நேரம் பாத்து அரைக்க உட்கார்ந்திருக்கா."

ஹைதர் காடியின் வேகத்தைக் குறைத்தான். "கல்லுல ஒட்டியிருந்தது மொளகா மட்டுந்தானா பாஸ்?"

"ரத்தமும்தான். அதத்தான் அவ கழுவாமக் குடுத்தா. நாம எடுத்துட்டுப் போயி, ஒரு படிச்ச பொண்ணு கையால, முரட்டு பிரஷ் போட்டுக் கழுவிட்டோம்."

---

சந்திரிகா கதவைத் திறந்து, பையைப் பார்த்து, பிறகு விசாலத்தின் முகத்தைப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"செட்டியாரப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். இந்தக் கல் அன்னிக்குக் காலையில ராம்நாத் மேசையில இருந்தத வீடியோவுல பாத்திருக்கார்."

"அவரே சொன்னாரா?" அவள் தலையை அசைத்தாள். "அவரு அத வீடியோவுல பாத்திருப்பாருன்னு நான் யோசிக்கவே இல்ல."

"அது உங்க அப்பா வீட்டு வாசல்ல போட்ட துளை. படத்துல இருக்கிறது அந்த நாற்காலிதானே?"

சந்திரிகா கூடத்துப் படத்தின் பக்கம் திரும்பவில்லை. மேசையில் அடுக்கியிருந்த, சோறு கட்டும் பழுப்புத் தாள்களை எண்ணாமல் புரட்டியபடி, அலுத்துப்போன குரலில் பேசினாள்.

"அன்னிக்கு ராம்நாத் சாருக்குச் சோறு கொண்டுபோனேன். தெனமும் நாந்தான் கொண்டுபோறது. உள்ள போறதையும் வர்றதையும் யாரும் பாக்கறதில்ல. மேசையில இந்தக் கல்லு. இது என்னா சார்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: 'உங்கப்பா வாசல் கல்லுதான் சந்திரிகா. சுத்தமான கல்லு. ஒரு பொட்டு ஈயம் கெடையாது.' சொல்லிட்டுப் பொட்டலத்தப் பிரிக்கக் குனிஞ்சாரு."

அவள் விசாலத்தின் கையிலிருந்த பையைச் சுட்டினாள்.

"சத்தம் கேட்டு வீட்டுக்காரரு வந்தாரு. தூக்கிப் பாத்தாரு, உசிரு இல்ல. நீ போன்னாரு. பெட்டியெல்லாம் சாச்சு விட்டாரு. கல்ல நான் சோத்துக் கூடையில போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்."

"உங்களக் காப்பாத்த அவர் உள்ள இருக்கார்," என்றார் விசாலம். "அவர வெளிய கொண்டுவர என்னைக் கூப்பிட்டீங்க. அதுக்குக் குமரப்பன மாட்டிவிடப் பாத்தீங்க. நடக்காதும்மா. கல்ல மாத்தினதுக்கு அவர் ஜெயிலுக்குப் போவார். கொலைக்குப் போகமாட்டார். நாளைக்கு உங்க வீட்டுக்காரர் மேல கேஸ் போடுறதுக்குள்ள நீங்க உண்மையச் சொல்லணும். வேற வழியில்ல."

"அவர வெளிய கொண்டாங்கன்னு நான் எப்பக்கா சொன்னேன்?"

விசாலம் நினைவில் தேடினார். காலையில் அந்த வீட்டில் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். அந்த வாக்கியம் அவற்றுள் இல்லை.

"ஏழாம் துளை போடறதுக்கு அப்பா சம்மதிக்கல," என்றாள் சந்திரிகா. "எங்க வீட்டுக்காரருதான், மருமவனாச்சேன்னு போய்ப் பேசினாரு. 'சும்மா ஒரு துளைதான் மாமா, பெறகு மூடிருவாங்க'ன்னு கையெழுத்து வாங்கிக் குடுத்தாரு. அதுக்குக் கூலியாத்தான் ஸ்டோர் வேல. அப்பாவ நாற்காலியோட தூக்குனாங்களே, நாலு பேரு. முன்காலப் புடிச்ச ஒருத்தரு யாருன்னு நெனைக்கிறீங்க?"

ஹைதர் சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கப்பா சாவுக்கு மூணு பேரு, அக்கா. ஒருத்தர நான் பாத்துக்கிட்டேன். செட்டியார நீங்க பாத்துக்குவீங்க, அதுக்குத்தான் கூப்பிட்டேன். வீட்டுக்காரர அவரே பாத்துக்கிட்டாரு."

"நீங்க இப்ப சொன்னத நாங்க ரெண்டு பேரும் கேட்டிருக்கோம்."

"சொல்லுங்க. 'பொஞ்சாதி என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றா'ம்பாரு அவரு. கல்ல போலீஸ்ல குடுங்க. தீபாவளிக்கே வீட்டுக்காரரு கொண்டாந்தாருன்னு நான் சொல்லுவேன், அவரும் ஆமாம்பாரு."

விசாலம் கைப்பேசியை எடுத்துக் குமரப்பனை அழைத்தார். பேச்சு எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணே, அன்னிக்குக் காலையில ராம்நாத் மேசையில அந்தக் கல்ல பாத்ததா நீங்க ஒரு வாக்குமூலம் குடுத்தா, அங்கயே புடிபட்ட குணாளன் அத வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க முடியாதுன்னு ஆகும், ஒரு மனுஷன் உயிர் பிழைக்கும்."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"எந்தக் கல்லு ஆச்சி?" என்றார் குமரப்பன். பிறகு இணைப்பு அறுந்தது.

சந்திரிகா வியப்படையவில்லை. கீழே தொழிற்சாலைப் பேருந்து ஒன்று வந்து நின்று, வேலை முடிந்தவர்களை இறக்கிவிட்டுப் போயிற்று. படிக்கட்டில் காலடிகள் ஏறின. ஒவ்வொரு மாடியிலும் குறைந்து குறைந்து ஓய்ந்தன.

விசாலம் தம் தொழிலில் தோற்றதுண்டு. ஆனால் உண்மையைக் கண்டுபிடித்துத் தோற்றது அவருக்கு இதுவே முதல்முறை. ஒருவனை விடுவிக்கும் உண்மை கைவசம் இருந்தது. அதைக் கேட்க வேண்டிய அவனே காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

கைப்பேசி அதிர்ந்தது. குணாளனின் வழக்கறிஞர் தியாகராஜன்.

"இப்பத்தான் அவரப் பாத்துட்டு வர்றேன் மேடம். ஒரு வழியா வாய் திறந்தாரு. கேஸ் நடத்த வேண்டாமாம். எல்லாத்தையும் ஒத்துக்கிறாராம். எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

"அவரோட வீட்டுலதான் இருக்கேன். சந்திரிகா பக்கத்துல இருக்காங்க."

"அப்படியா? நல்லதாப் போச்சு. அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாரு. எனக்கு அர்த்தம் புரியல. 'இப்பவாவது அவளுக்கு மனசு ஆறிச்சான்னு கேட்டுட்டு வாங்க'ன்னாரு."

அந்தக் குரல் கூடம் முழுவதும் கேட்டது. விசாலம் கைப்பேசியைச் சந்திரிகாவை நோக்கி நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அது கேட்கும் தூரத்துக்கு மட்டும் குனிந்தாள்.

"இல்லன்னு சொல்லிருங்க சார்."